விமானியும் வாய்ப்பாடும்

கரக்பூரில் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு ஆகாய விமானத்தின் இரைச்சல் புதிதன்று. கலாய்குண்டா விமான தளத்திலிருந்து எழும் போர் விமானங்கள் காலை வேளையில் நம் காலனியின் மேல் இரண்டு மூன்று முறையேனும் வட்டமிட்டுச் செல்லும். சமையலறைப் பாத்திரங்கள் அதிரும். மாடியில் உலர்த்திய வடகத்தைக் கொத்த வந்த காகங்கள் கலைந்து ஓடும். பெரியவர்கள் நாளிதழை மடித்துக்கொண்டு முணுமுணுப்பர். பிள்ளைகளோ வாசலுக்கு ஓடிவந்து அண்ணாந்து பார்ப்பர். அவ்வாறு அண்ணாந்து பார்த்த பிள்ளைகளுள் நாமும் ஒருவராக இருந்தோம்.

சென்ற பொங்கல் விழாவின்போது, நம் சங்கத்து உறுப்பினர் ஒருவரின் மனைவியார் நம்மை ஓரமாக அழைத்து ஒரு கேள்வி கேட்டார். "அண்ணா, என் பெண் ஆகாயப் படைக்கு விண்ணப்பம் போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். மற்றப் பாடமெல்லாம் நன்றாகப் படிக்கிறாள். கணக்கில்தான் சற்று மட்டம். அவள் அப்பா, கணக்கு வராதவளுக்கு விமானம் எதற்கு என்கிறார். நீங்கள் அதைப் பற்றியெல்லாம் படிப்பவர் ஆயிற்றே, என்ன சொல்கிறீர்கள்?" என்றார். அவ்வேளையில் சர்க்கரைப் பொங்கல் பரிமாறும் பொறுப்பு நம் கையில் இருந்தமையால் சரியான விடை கூற இயலவில்லை. அந்த விடையைச் சற்று விரிவாக இம்மலரில் எழுதலாம் எனத் துணிந்தோம்.

எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. நாம் பத்தாம் வகுப்பில் கணக்கில் பெற்றவை 41 மதிப்பெண்கள். விமானி ஆக வேண்டும் என்று நாம் சொன்னதைக் கேட்ட ஆசிரியர் ஒருவர், வகுப்பு முழுவதும் சிரிக்கும்படி, "வாய்ப்பாடே தகராறு; இவர் வானத்தில் வகைநுண் கணிதம் போடப் போகிறார்!" என்றார். நாம் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டோம். மேற்படிப்புக்கு விஞ்ஞானப் பிரிவைக் கேட்கவும் கூசினோம். அடுத்த ஆண்டில் தந்தையார் காலமாக, பின்னர் அவர் வழியில் ரயில்வேயில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அன்று முதல் வாகன் கணக்கும் டன் கணக்கும் மனத்தாலேயே கூட்டி வருகிறோம். இதுவரை ஒரு தணிக்கையிலும் தலைகுனிந்ததில்லை. ஆசிரியர் அன்று சொன்னது மெய்தானா என்ற ஐயம் பல ஆண்டுகள் கழித்தே எழுந்தது. தேடிப் படித்தபோது, விடையின் பெரும்பகுதி நாம் வாழும் இந்த ஊரிலேயே கிடந்தது.

முதலில் ஒற்றைக்கண் விமானி ஒருவரின் கதையைச் சொல்ல வேண்டும். அமெரிக்கரான வைலி போஸ்ட் அதிகம் பள்ளிக்குச் சென்றவர் அல்லர். எண்ணெய்க் கிணற்று வேலையில் 1926இல் இடது கண்ணை இழந்தார். கிடைத்த நஷ்டஈட்டில் விமானம் வாங்கினார். அவரே 1931இல் உலகைச் சுற்றி 8 நாள் 15 மணி 51 நிமிடத்தில் பறந்து வந்தார். அவர் பக்கத்தில் ஹரால்டு காட்டி என்னும் டாஸ்மேனியத் தீவுக்காரர் இருந்தார். வெயிலையும் விண்மீனையும் கருவியால் அளந்து, காற்று விமானத்தை எத்தனை பாகை பக்கவாட்டில் தள்ளுகிறது என்று கணித்து, "இத்திசையில் ஓட்டுக" எனச் சொல்லியவர் அவரே. ஓட்டியவர் ஒருவர், கணக்கிட்டவர் ஒருவர். கணக்கிடும் இவரை நாவிகேட்டர் என்பர்.

இப்பிரிவினையை அக்காலத்து இராணுவங்கள் உடனே ஏற்கவில்லை. பிரிட்டிஷ் விமானப் படையிலும் போருக்கு முன்பு வழி கணிக்கும் கலைக்கு உரிய மதிப்பு இல்லை. ஓட்டத் தெரிந்தவனுக்கு வழியும் தெரியும் என்ற எண்ணம் நிலவியது. பகலில், தரை தெரியும்போது, இருப்புப்பாதையைப் பார்த்துக்கொண்டே ஊர் போய்ச் சேரலாம். (அக்கால விமானிகள் மெய்யாகவே தண்டவாளத்தைத் தொடர்ந்து பறந்தார்கள், ரயில்வேக்காரராகிய நமக்கு இதில் ஒரு சிறு பெருமை.) ஆனால் போர் வந்தது, இரவில், மேகத்தின் மேல், விளக்கு அணைக்கப்பட்ட ஜெர்மனியின்மீது பறக்க நேர்ந்தது. 1941 ஆகஸ்டில், விமானங்கள் எடுத்த புகைப்படங்களை ஆராய்ந்து பட் என்பவர் ஓர் அறிக்கை அளித்தார். இலக்கைத் தாக்கியதாகச் சொல்லித் திரும்பிய விமானங்களுள் மூன்றில் ஒன்றே இலக்கிற்கு 5 மைல் தொலைவுக்குள் சென்றிருந்தது என அது காட்டியது. அடுத்த ஆண்டே அந்நாட்டார் நாவிகேட்டர் வேலையைத் தனியாகப் பிரித்து, அதற்கென ஆட்களைத் தேர்ந்து பயிற்றுவிக்கலாயினர்.

ஆகவே, கணக்கே வேண்டாம் என்று நாம் சொல்ல வருவதாக யாரும் எண்ண வேண்டா. கணக்கை அலட்சியம் செய்தவர்கள் உயிர்களை விலையாகக் கொடுத்தார்கள். அக்கணக்கு யார் தலையில் இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

மேற்சொன்ன காட்டியை அமெரிக்க இராணுவம் அழைத்துத் தன் விமானிகளுக்குப் பாடம் சொல்லித் தரச் செய்தது. அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர் கர்டிஸ் லெமே. இவர் கட்டடப் பொறியியல் படித்தவர். விமானம் ஓட்டவும் வழி கணிக்கவும் ஒருங்கே தெரிந்த அரிய மனிதர். 1938 மே 12ஆம் நாள், ரெக்ஸ் என்னும் இத்தாலியப் பயணிக் கப்பலை அட்லாண்டிக் நடுக்கடலில் கண்டுபிடித்துக் காட்டுமாறு மூன்று விமானங்கள் அனுப்பப்பட்டன. கரையிலிருந்து 600 மைலுக்கு அப்பால், மழையும் மேகமும் சூழ்ந்த கடலில், அவர் கணித்த நேரத்தையொட்டி அந்தக் கப்பல் நேர் எதிரே தோன்றியது.

இந்த லெமேதான் 1944 ஆகஸ்டு இறுதியில் நம் கரக்பூருக்கு வந்து சேர்ந்தார். அமெரிக்காவின் 20ஆம் குண்டுவீச்சுத் தலைமையகம் அப்போது ஹிஜ்லி சிறைக் கட்டடத்தில் இயங்கியது. சுதந்திரப் போராட்ட வீரர்களை அடைத்துவைத்து, 1931 செப்டம்பர் 16இல் சந்தோஷ் குமார் மித்ரா, தாரகேஸ்வர் சென்குப்தா என்னும் இருவரைச் சுட்டுக் கொன்ற அதே இடம். பின்னர் 1951இல் அதே கட்டடத்தில்தான் நாட்டின் முதல் ஐ.ஐ.டி. தொடங்கப் பெற்றது. சிறையாகவும் படைத் தலைமையகமாகவும் இருந்து கல்விக்கூடமான அக்கட்டடத்தை நாம் சைக்கிளில் கடந்து போகும்போதெல்லாம் ஒரு கணம் காலூன்றி நின்று பார்ப்பதுண்டு.

இத்தலைமையகத்தின் கீழ்க் கரக்பூர், சாகுலியா, பியார்டோபா, துத்குண்டி முதலிய தளங்களில் பி-29 என்னும் பெரு விமானங்கள் நின்றன. ஒவ்வொன்றிலும் 11 பேர். அவர்களுள் ஓட்டுவோர் இருவரே. நாவிகேட்டர் வழியைக் கணித்தார். விமானப் பொறியாளர் பெட்ரோலைக் கணித்தார். எந்த உயரத்தில், எந்த எடையில், எஞ்சினை எவ்வளவு முடுக்கினால் மணிக்கு எத்தனை காலன் செலவாகும் என்னும் அட்டவணைகள் அவர் மடியில் இருந்தன. குண்டு வீசுபவரிடம் நார்டன் என்னும் குறிபார்க்கும் கருவி. காற்றையும் வேகத்தையும் உயரத்தையும் பல்சக்கரங்களால் தானே கணித்துக் குண்டு விழ வேண்டிய கணத்தைச் சொல்லும். துப்பாக்கிக்காரர்களுக்கும் ஒரு கணிப்பொறி உண்டு. எதிரி விமானத்திற்கு எவ்வளவு முன்னால் சுட வேண்டும் என்பதை அது பார்த்துக்கொள்ளும்.

நம் தொழிலில் உள்ளதும் இதுவே அன்றோ? ஏற்றத்தில் இந்த எஞ்சின் இத்தனை டன் இழுக்கும் என்று டிரைவர் உட்கார்ந்து கணக்குப் போடுவதில்லை. அது வேறு எவராலோ கணிக்கப்பட்டு அட்டவணையாக வந்திருக்கிறது. வண்டிகள் எங்கே ஒன்றையொன்று கடக்கும் என்பதைக் கண்ட்ரோலர் பார்க்கிறார். டிரைவருக்கு வேண்டியவை கண்ணும் கையும் பிரேக்கின் மேல் ஒரு நிதானமும். ஆனால் வேகத்தையும் தொலைவையும் ஒரு நொடியில் மனத்தால் ஒப்பிடத் தெரியாத டிரைவரை எந்த லோகோ இன்ஸ்பெக்டரும் வண்டியில் ஏற்ற மாட்டார்.

பி-29 விமானங்கள் முதன்முதலாகப் போருக்குப் புறப்பட்டது நம் ஊரைச் சுற்றியுள்ள தளங்களிலிருந்துதான்; 1944 ஜூன் 5ஆம் நாள். இலக்கு பாங்காக் நகரில் இருந்த மக்கசான் ரயில்வே பணிமனை! இங்கே ஒரு ரயில்வே பணிமனை நகரம்; அங்கே ஒரு ரயில்வே பணிமனை. எழுந்தவை 98 விமானங்கள். இலக்கின் மேல் குண்டு வீசியவை 77. மேகம் மூடியிருந்தது, இலக்கிற்குள் விழுந்த குண்டுகள் இருபதுக்கும் குறைவு. திரும்பும் வழியில் பெட்ரோல் தீர்ந்து, நாற்பதுக்கு மேற்பட்ட விமானங்கள் கிடைத்த தளங்களில் இறங்கின. ஐந்து விமானங்கள் அழிந்தன. எதிரி சுட்டு வீழ்த்தியதால் அன்று, கோளாறுகளால். எஞ்சினை எவ்வளவு முடுக்கலாம், எவ்வளவு பெட்ரோல் மிச்சமாகும் என்ற கணக்கு அனுபவத்தால் இன்னும் கைவராத காலம் அது.

இரண்டே மாதங்களில் அக்கணக்கு எவ்வளவு தேறியது என்பதற்குச் சான்று ஆகஸ்டு 10ஆம் நாள் நடந்தது. திருகோணமலையை அடுத்த சீனன்குடாத் தளத்திலிருந்து 54 விமானங்கள் எழுந்து, சுமத்திராவில் பாலம்பாங் எண்ணெய் ஆலையைத் தாக்கச் சென்றன. போய்த் திரும்ப 3,800 மைலுக்கு மேல், வழியெல்லாம் கடல். இடையில் இறங்க நட்பு நாட்டுத் தளம் ஒன்றேனும் இல்லை. ஏறத்தாழ 19 மணி நேரம் வானில். அன்று இழந்தது ஒரே ஒரு விமானம். அந்த இரவில் விமானியின் கையைவிட, பொறியாளரின் பென்சிலும் நாவிகேட்டரின் பென்சிலுமே அவர்களைக் கரை சேர்த்தன என்று சொல்வது மிகையாகாது. அதே வகை விமானங்கள் பின்னர் இதே லெமேயின் தலைமையில் 1945 மார்ச்சில் டோக்கியோ நகரை எரித்த கதையை எழுத நமக்கு மனம் வரவில்லை.

இனி, அவ்விமானிகளை எவ்வாறு தேர்ந்தெடுத்தார்கள் என்று பார்ப்போம். அந்தத் தாயாரின் கேள்விக்கு நேர் விடை அங்கேதான் இருக்கிறது. போருக்கு முன் அமெரிக்க விமானப் படையில் விமானியாகச் சேர இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்போ அதற்கு ஈடான தேர்வோ வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கில் ஆட்கள் தேவைப்பட்டபோது, 1942 ஜனவரியில் அவ்விதியை நீக்கிவிட்டு, எல்லோருக்கும் பொதுவான ஒரு தகுதித் தேர்வை வைத்தார்கள். அதில் தேறியவர்களை மேலும் பல சோதனைகளுக்கு உட்படுத்தி, விமானி, நாவிகேட்டர், குண்டு வீசுபவர் என மூன்று வேலைக்கும் தனித்தனியே 1 முதல் 9 வரை தரம் இட்டார்கள். ஜான் ஃபிளானகன் என்னும் மனநூல் அறிஞரின் தலைமையில் நடந்த பணி அது.

அச்சோதனைகள் சரியானவைதாமா என்று அறிய அவர்கள் செய்த காரியம் துணிவானது. ஆயிரத்துக்கு மேற்பட்ட இளைஞர்களை, தரம் எதுவாயினும் ஆகுக என்று, அப்படியே விமானப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார்கள். யார் தேறுகிறார், யார் திரும்பி வருகிறார் என்று பார்த்தார்கள். எந்தச் சோதனை எந்த வேலைக்கு முன்னறிவிப்பாக நிற்கிறது என்பது இத்தகைய ஆராய்ச்சியால் துலங்கிற்று. கணக்குத் தேர்வுகள் நாவிகேட்டர் வேலைக்கு மிகுந்த எடை பெற்றன. விமானி வேலைக்கு எடை பெற்றவை வேறு: விளக்குகள் மாறி மாறி எரிய, அவற்றிற்கு ஏற்பக் கையால் கோலையும் காலால் மிதியையும் ஒருங்கே அசைக்கும் சோதனை, இயந்திரங்கள் இயங்கும் விதத்தைப் படம் பார்த்துச் சொல்லும் சோதனை, விமானம் பற்றிய பொது அறிவு. இயற்கணிதத்தில் வல்லவன் வானில் நன்றாக ஓட்டுவான் என்பதற்கு அவர்கள் பெரிய ஆதாரம் எதையும் காணவில்லை.

நம் நாட்டு அனுபவமும் இதற்கு மாறானதன்று. 1930இல் இங்கிலாந்தின் கிரான்வெல் கல்லூரிக்குச் சென்ற முதல் இந்திய இளைஞர்கள் அறுவர். ஐவர் விமானிகளாகித் திரும்பினர். அவர்களுள் ஒருவரான சுப்ரதோ முகர்ஜி பின்னர் நம் விமானப் படையின் முதல் இந்தியத் தளபதியானார். ஆறாமவரான டாண்டன் தளவாடப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். அவரைத் தடுத்தது கணக்கன்று, உயரம் போதாமையே.

அப்படியானால் விமானி போடும் கணக்குத்தான் யாது? ஒன்றிரண்டைச் சொல்கிறோம், பிள்ளைகள் தாமே போட்டுப் பார்க்கலாம். 60 மைல் பறந்தபின் பாதையிலிருந்து 1 மைல் விலகியிருந்தால், விமானம் 1 பாகை தவறிப் போகிறது என்று கொள்க. 4 மைல் விலகினால் 4 பாகை. வட்டத்தின் ஆரத்திற்குச் சமமான வில் 57 பாகையும் சொச்சமும் ஆகையால், அதை 60 என்று வைத்துக்கொண்ட எளிய விதி இது. இதையே காற்றுக்கும் வைக்கலாம். விமானத்தின் வேகம் மணிக்கு 120 மைல், குறுக்கே வீசும் காற்று 20 மைல் எனில், 20ஐ 120ஆல் வகுத்து 60ஆல் பெருக்க வருவது 10. காற்று வரும் பக்கமாக 10 பாகை திருப்பிப் பிடித்தால் போதும். திரிகோண கணித அட்டவணையைப் புரட்டினால் 9.6 என்று வரும். அந்தப் புள்ளி நான்குக்காக எந்த விமானியும் கவலைப்படுவதில்லை. தாழப் பறக்கும் போர் விமானங்களுக்கு 420, 480 நாட் என 60இன் மடங்காக வேகத்தைக் குறித்துக்கொள்ளும் வழக்கமும் இதனால்தான். நிமிடத்திற்கு 7 மைல், 8 மைல் என்று மனம் தடுமாறாமல் எண்ணிக்கொண்டே போகலாம்.

இவற்றையும் கருவியில் அடைத்தார் ஃபிலிப் டால்டன் என்பவர். ஒரு பக்கம் வட்ட வடிவ ஸ்லைடு ரூல், மறுபக்கம் காற்று முக்கோணத்தைப் பென்சிலால் குறிக்கும் தட்டு. இ-6பி என்று 1940இல் அமெரிக்க இராணுவம் பெயரிட்டு ஏற்றது. கணினி வந்துவிட்ட இக்காலத்திலும் விமானப் பயிற்சி மாணவர் பலர் அதைக் கையில் வைத்துப் பழகுகின்றனர். அதைப் படைத்த டால்டன் 1941இல், ஒரு மாணவருடன் சுழல் விழுச்சிப் பயிற்சி செய்கையில் விமானம் வீழ்ந்து இறந்தார். சூத்திரங்கள் அனைத்தும் அவருக்குத் தெரியும்.

மற்றொரு வகைக் கணக்கும் உண்டு. அதை விமானி போடுவதில்லை, உடம்பால் உணர்கிறார். விமானத்தை 60 பாகை சாய்த்து, உயரம் குறையாமல் வளைத்தால் உடல் இரு மடங்கு கனக்கும். விமானம் வானில் நிற்கத் தேவையான குறைந்த வேகம் 100 ஆக இருந்தது 141 ஆகிவிடும். இதைத் தருவிப்பது பள்ளிக் கணக்கே. ஆனால் தரையில் தருவிக்கத் தெரிந்தவர், எதிரி வாலைப் பிடித்திருக்கும்போது அதை மறந்தால் பயனென்ன?

1965 செப்டம்பர் 7ஆம் நாள் நம் தலைமேல் நடந்தது அதுவே. காலையில் பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் கலாய்குண்டாவைத் தாக்கி, தரையில் நின்ற நம் விமானங்கள் சிலவற்றை எரித்துவிட்டுச் சென்றன. மீண்டும் அவை வந்தபோது, ஆல்ஃபிரட் குக், மம்கெய்ன் என்னும் இரு விமானிகள் ஹண்டர் விமானங்களில் எதிர்கொண்டனர். ஐ.ஐ.டி. வளாகத்தின் மேல், மரக்கிளை உயரத்திற்கு இறங்கி, குக் சேபர்களைத் துரத்திப் போரிட்டார், ஒன்று வீழ்ந்தது. அவருக்கு வீர் சக்ரா விருது கிடைத்தது. நம் தந்தையார் அப்போது இருபது வயது இளைஞர்; இரைச்சல் கேட்டு எல்லோரும் பதுங்க, தாம் மட்டும் தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்று பார்த்ததாகச் சொல்வார். கீழே கணித மேதைகளின் கல்லூரி. மேலே, பென்சில் எடுக்க நேரமில்லாத ஒருவர்.

இனி இன்றைய நிலை. கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கு விண்ணப்பிக்க, விமானப் படைப் பிரிவைக் கோருபவர் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் பௌதிகமும் படித்திருக்க வேண்டும். எழுத்துத் தேர்வில் கணக்குக்கு 300 மதிப்பெண், பொதுத் திறனுக்கு 600. அதன்பின் ஐந்து நாள் நேர்முகத் தெரிவுக்கு 900. ஆக 1,800இல் கணக்கு 300. ஆறில் ஒரு பங்கு. விமானியாக விரும்புவோர்க்கு இவற்றோடு கம்ப்யூட்டர் முன் அமர்ந்து கையும் கண்ணும் காலும் ஒத்துழைக்கிறதா என்று பார்க்கும் தனித் தேர்வும் உண்டு. அதை ஆயுளில் ஒரு முறைதான் எழுதலாம். தவறினால் மறு வாய்ப்பு இல்லை. கணக்குத் தேர்வையோ வயது இருக்கும்வரை மீண்டும் மீண்டும் எழுதலாம். வாயிலில் கணக்கை நிறுத்தியிருப்பது, வரிசை நீளமாக இருப்பதாலும், உள்ளே போனபின் பௌதிகமும் விமான நூலும் பயில வேண்டியிருப்பதாலும் என்பது நம் கருத்து. குறுக்கு வழி இல்லை. அந்த 300இல் குறைந்தபட்சத்தையேனும் எடுத்தே ஆக வேண்டும்.

பெண்களுக்கு அந்த அகாடமியின் கதவு 2021இல் உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால ஆணையால் திறந்தது; முதல் அணி 2022இல் சேர்ந்தது. அதற்கு முன்பே, 2016 ஜூனில், அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் ஆகிய மூவர் போர் விமானிகளாகப் பொறுப்பேற்றுவிட்டனர்.

இவற்றையெல்லாம் அந்தத் தாயாரின் வீட்டுக்குச் சென்று, காப்பி ஆறும்வரை எடுத்துரைத்தோம். பெண்ணின் தகப்பனார் நம் பணிமனையில் ஃபிட்டர். அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தை விரலால் தடவியே சொல்லக்கூடியவர். அவர் நெடுநேரம் பேசவில்லை. "கணக்கில் முன்னூறுக்கு எவ்வளவு எடுத்தால் போதும்?" என்று மட்டும் கேட்டார். மற்றத் தாளின் பலத்தைப் பொறுத்தது என்றோம். அந்தப் பெண்ணிடம், மணிக்கு 420 மைல் வேகத்தில் போகும் விமானம் கலாய்குண்டாவிலிருந்து 35 மைல் தொலைவிலுள்ள ஓர் இடத்தைக் கடக்க எத்தனை நிமிடம் என்று கேட்டோம். நாம் வாயை மூடுமுன், "ஐந்து" என்றாள்.

விண்ணப்பம் போயிற்று. தேர்வு ஏப்ரலில். மாலைகளில் அவளுக்கு இயற்கணிதம் சொல்லித்தர ஐ.ஐ.டி.யில் படிக்கும் நம் தமிழ் மாணவர் ஒருவர் முன்வந்திருக்கிறார். அவர் சொல்லித்தரும்போது நாமும் திண்ணையில் ஒரு மூலையில் அமர்ந்துகொள்கிறோம்; இருபடிச் சமன்பாடு இப்போது ஒருவாறு விளங்குகிறது.